கடைசிப் பந்திக்காரர்

நாகர்கோவிலில் பஸ் வந்து நிற்கும் இடத்தில் நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் ஊர்ப் பக்கமிருந்து வந்த காலை வண்டியின் டிரைவர் இருக்கையை விட்டு இறங்காமலேயே என்னைப் பார்த்துக் கத்தினார். "ஓய், கடைசிப் பந்திக்காரரு போயிட்டாரு! காய்ச்சல் முத்திப் போச்சாம். சாயங்காலத்துக்குள்ள எடுத்திருவாவ. திரும்புகப்போ ஏறிக்கிடும்."

வண்டிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "ஆரு, பாயசத்துல வள்ளம் விட்ட பிள்ளைவாளா?"

"அவருதான்" என்றார் டிரைவர். அந்த வண்டியில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். பிறகு சாவுச் செய்திக்குச் சிரித்துவிட்டோமே என்று வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆனாலும் அந்தச் சிரிப்பில் ஒரு குறையும் எனக்குத் தோன்றவில்லை. நம் நாட்டில் பெரிய மனிதர்கள் பலர் சாகிறார்கள். அவர்கள் பெயரைக் கேட்டு ஒரு வண்டி நிறையச் சனம் சிரித்ததை நான் பார்த்ததில்லை.

ஆறுமுகப் பெருமாள் பிள்ளை என்றால் அவரைத் தெரிந்தவர்களுக்கே ஒரு கணம் ஆகும். கடைசிப் பந்திக்காரர் என்றால் பத்மநாபபுரம் வரை தெரியும். அவரோடு பந்தியில் இருந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன்: இதில் யாருடைய சாதியையும் எழுதப்போவதில்லை. செய்யும் வேலையைச் சொல்வேன், அதுவே போதும். நான் அண்ணாச்சி என்று கூப்பிட்ட அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் வாலை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். அதை வெட்டினால் அவர் யாரென்று நம் ஊர்த் தபால்காரருக்கே தெரியாது.

நாஞ்சில் நாட்டில் யாருக்கு என்ன மரியாதை என்று தெரிந்துகொள்ள ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால் போதும். முதல் பந்தி நிலமுள்ளவர்களுக்கு. அவர்களுக்கு நுனியிலை, உருக்கு நெய், கெட்டிப் பிரதமன் பாயசம். அடுத்தது நிலம் குறைந்த உறவுக்காரர்களுக்கு. வெயில் சாய்ந்த பிறகு கடைசிப் பந்தி. அதில் முடி வெட்டுகிறவர், துணி வெளுக்கிறவர், மேளம் அடிக்கிறவர் இருப்பார்கள். அவர்களுக்குக் கிழிந்த இலை, ஆறிய சோறு, வெந்நீர் விட்டு நீட்டிய பாயசம். அதற்கும் அப்பால், வைக்கோற்போருக்குப் பின்னால், நாற்று நட்டு அந்த நெல்லை விளைவித்தவர்கள் சட்டி ஏந்தி நிற்பார்கள். அவர்களுக்குப் பந்தியே கிடையாது. மிஞ்சியது சட்டியில் விழும். இந்த அசிங்கத்துக்கு ஒழுங்கு என்று பெயர் வைத்திருந்தோம்.

அண்ணாச்சி இந்த ஒழுங்கின் உச்சியில் பிறந்தவர். அதோடு நல்ல சாப்பாட்டுக்காரர். பருத்த உடம்பு, அதற்கேற்ற வயிறு, அந்த வயிற்றுக்கேற்ற நாக்கு. அவியலில் எந்தக் காய் முந்தி வெந்தது என்று சொல்வார். பிரதமனில் மட்டிப்பழத்தைப் பிசைந்து, பப்படத்தை நொறுக்கிப் போட்டு அவர் சாப்பிடுகிற அழகைப் பார்க்கவே சிலர் எதிர் வரிசையில் இடம் பிடிப்பார்கள். கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் குளத்துப் படித்துறையில் நம் ஊரார் கேட்கும் கேள்வி உங்களுக்குத் தெரியும். தாலி கட்டிய முகூர்த்தத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. "பந்தி எப்படி, பெருமாளு என்ன சொன்னாரு?" என்றுதான் கேட்பார்கள். அவர் 'கொள்ளாம்' என்றால் அந்த வீட்டுக்குப் பெருமை. முகத்தைச் சுளித்தால் போச்சு.

ஒரு நாள் கருங்கல் பக்கமிருந்து அவர் வந்த வண்டி வழியில் நின்றுபோனது. கல்யாண வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கடைசிப் பந்திதான் நடந்துகொண்டிருந்தது. பசி தாங்காமல் அதிலேயே உட்கார்ந்துவிட்டார். பாயசம் வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, "இதென்னவே, கழுவின தண்ணியா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர் எங்கள் ஊரில் முடி வெட்டுகிறவர். அவர் இல்லாமல் ஒரு கல்யாணச் சடங்கும் நடக்காது. எத்தனையோ வீட்டில் உண்டவர். அவர் நிதானமாகச் சொன்னார். "பாயசம்னா இப்படித்தான பிள்ளைவாள் இருக்கும்? நான் பொறந்த நாள்ல இருந்து இதத்தான் குடிக்கேன்."

அன்று அண்ணாச்சி இலையை மூடவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு என்னிடம் சொன்னார், "ஒரு மனுசன் இத்தன கல்யாணத்துல உண்டிருக்கான், பாயசம்னா என்னான்னு அவனுக்குத் தெரியாது. இது கொலைபாதகம்லா, தம்பி." சமத்துவம், நியாயம் என்ற சொற்களெல்லாம் அவர் வாயில் அன்று வரவில்லை. பாயசத்துக்கு நேர்ந்த அநியாயமாகத்தான் அதை அவர் முதலில் பார்த்தார். அதற்காக நான் அவரைக் குறைத்து மதிப்பதில்லை. சமத்துவம் பற்றி மேடையேறிப் பேசியவர்கள் பலர் மேடையிலிருந்து இறங்கி நேரே முதல் பந்திக்குப் போனதை நான் கண்டிருக்கிறேன்.

அடுத்த கல்யாணத்தில் வீட்டுக்காரர் வழக்கம்போல அழைத்தார். "வே பெருமாளு, எல போட்டாச்சு, வாரும்."

"நான் கடைசியில இருந்துக்கிடுகேன்."

"கடைசியில எவன் இருப்பான்னு தெரியாதா உமக்கு?"

"தெரியும். எனக்கு இப்பம் பசிக்கல்ல."

அதே கணத்தில் அவர் வயிறு உறுமியது. பந்தலே திரும்பிப் பார்த்தது. அவர் அசையவில்லை. வெயில் சாயும் வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஆடுபுலி ஆட்டம் ஆடினார். எதிரில் ஆடியவர் ஞானமுத்து வாத்தியார், மிஷன் பள்ளிக்கூட ஆசிரியர். மூன்றாவது ஆள் நான். அன்று அப்படிக் காத்திருந்தது மொத்தம் மூன்றே பேர்தான். முதல் பந்தியிலிருந்து ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தவர்கள் எங்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். 'கடைசிப் பந்திக்காரன்' என்ற பட்டம் அன்று கிண்டலாக வைத்தது.

மறுநாள் படித்துறையில் கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டது. அண்ணாச்சி தலையில் எண்ணெயைத் தேய்த்தபடி தீர்ப்புச் சொன்னார். "பருப்பு கொள்ளாம். எரிசேரி பரவாயில்ல. பாயசத்தப் பத்திச் சொல்லணும்னா, அதுல ஒரு வள்ளம் விட்டிருந்தா இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்கு ஆளேத்தி விட்டிருக்கலாம்."

கல்யாண வீட்டுக்காரர் ஈர வேட்டியோடு ஓடி வந்தார். "அநியாயமாச் சொல்லாதேயும் வே! எங்க பாயசம் கெட்டில்லா! முதல் பந்தியில உண்டவன்கிட்ட கேட்டுப் பாரும்!"

"நான் எந்தப் பந்தியில உண்டேனோ அதத்தான சொல்ல முடியும்? உண்ணாததச் சொன்னா பொய்யாப் போயிரும்லா."

இதுதான் அவருடைய வழி. யாரையும் திட்டவில்லை. எந்தக் கல்யாணத்துக்கும் போகாமல் இருக்கவில்லை. அழைத்த வீடெல்லாம் போனார். ஒவ்வொரு வீட்டிலும் கடைசிப் பந்திக்குக் காத்திருந்தார். மறுநாள் தான் உண்டதைச் சொன்னார். ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல, சாகும் வரை. சலித்துவிடுவார் என்று ஊர் பந்தயம் கட்டியது. நானே நினைத்தேன். கெட்டிப் பிரதமனின் வாசம் மூக்கில் ஏறும்போது அந்த வயிறு எப்படித் தாங்கும்? அவர் கண்ணில் நீர் தேங்கி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பசியில் வந்த நீர்தான், வேறு காரணம் கற்பிக்க மாட்டேன்.

கொஞ்ச காலத்தில் ஒரு மாற்றம் வந்தது. வீட்டுக்காரர்கள் கடைசிப் பந்திக்கென்று ஓர் உருளியில் கெட்டிப் பாயசத்தை எடுத்து மூடிவைக்கத் தொடங்கினார்கள். கிழிந்த இலை நின்றது. நெய் வந்தது. முடி வெட்டுகிறவர் முதன்முதலாக அசல் பிரதமனைக் குடித்த அன்று, "இது என்ன பண்டம், பிள்ளைவாள்?" என்று அண்ணாச்சியைக் கேட்டார். இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுச் சிரித்தார்கள்.

எனக்கு மட்டும் எரிச்சல். "இவனுகளுக்கு மனசு மாறல்ல. உம்ம வாய்க்குப் பயந்துதான் செய்யுகானுவ" என்றேன்.

"பாயசம் மாறிச்சா, இல்லியா?"

"மாறிச்சு."

"மனசு பைய நடந்து வரட்டும். பாயசம் உருளியில வந்திரும்."

நான் நோட்டீஸ் அச்சடித்து ஊர் ஊராக ஒட்ட வேண்டும் என்றேன். "ஒட்டு, வேண்டாம்னு சொல்லல்ல" என்றார். "நாளைக்குச் சந்தையில அதுலதான் கடல மடிப்பாவ. கடலையாவது நல்லா வறுத்திருந்தாச் சரி." இந்த விஷயத்தில் நாங்கள் கடைசி வரை ஒத்துப்போகவில்லை. கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்காக ஆட்கள் அடிபட்டுக்கொண்டிருந்த காலம் அது. அங்கே அடி வாங்கியவர்களும் வேண்டும், இங்கே பசித்திருந்தவரும் வேண்டும் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது கோபத்தில் அவரைத் தின்னி என்று திட்டியிருக்கிறேன். "அது உண்மைதான?" என்று கேட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார்.

ஞானமுத்து வாத்தியாருக்கும் அவருக்கும் நடக்கும் சண்டை தனிச் சுகம். வாத்தியாருடைய முன்னோர் எங்கள் ஊர்த் தெருக்களில் நடக்க முடியாமல்தான் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவர்கள். ஆனால் அவர்கள் கோயிலிலும் முன்னால் பெஞ்சு இருந்தது, பின்னால் பாய் இருந்தது. யார் பெஞ்சு, யார் பாய் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "வேதக்காரரே, உங்க சாமி கூலிக்காரனோடயும் மீன் புடிக்கிறவனோடயும் இருந்து உண்டவருன்னுல்லா சொல்லுகியோ. இப்பம் அவரு வந்தா பெஞ்சுல இருப்பாரா, பாயில இருப்பாரா?" என்று அண்ணாச்சி ஒரு நாள் கேட்டார். வாத்தியார் அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பாயில் போய் உட்கார்ந்தார். ஞாயிறு தவறாமல் உட்கார்ந்தார். போதகர் கூப்பிட்டு விசாரித்ததற்கு, "பெஞ்சு முதுகுக்கு ஒத்துக்கல்ல, ஐயா" என்றாராம். இப்போது அந்தக் கோயிலில் பாய் முன்னால் வரை வந்துவிட்டது. பெஞ்சை யாரோ பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போய்விட்டார்கள்.

கடைசிப் பந்தி மெல்ல நீண்டது. முதல் பந்தியில் எல்லோரும் மீசையைத் தடவிக்கொண்டு இறுக்கமாக உண்பார்கள். கடைசியில்தான் கதையும் கேலியும். இளவட்டங்கள் ஒவ்வொருவராக, "எனக்கும் பசிக்கல்ல" என்று சொல்லி வேப்பமரத்தடிக்கு வரத் தொடங்கினார்கள். ஒரு கல்யாணத்தில் முதல் பந்தியில் பாதி இலை காலியாகக் கிடந்தது. வீட்டுக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அன்று நாங்கள் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தோம்.

அந்த நினைப்பில் மண் அள்ளிப் போட்டவள் இசக்கி. நடவுப் பெண்களுக்கெல்லாம் முன்னால் நிற்பவள், வாய்க்குப் பூட்டு கிடையாது. கை கழுவ வந்த அண்ணாச்சியை வைக்கோற்போர் பக்கமிருந்து கூப்பிட்டாள். "பிள்ளைவாளே, கடைசிப் பந்திக்காரருன்னு பேரு வச்சிருக்கியளே. கடைசி எங்கன இருக்குன்னு இன்னும் பாக்கல்லியே நீங்க?" கையிலிருந்த சட்டியைத் தூக்கிக் காட்டினாள். சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அண்ணாச்சி திரும்பி வந்து என்னிடம், "இத்தன வருசமா நடுப் பந்தியில இருந்துட்டுல்லா கடைசின்னு பீத்தியிருக்கோம்" என்றார். இரண்டு மூன்று நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு இசக்கியிடம் போய், "அடுத்த கல்யாணத்துல நான் அங்கன வந்து இருக்கட்டா?" என்று கேட்டார். அவளிடம் அனுமதி கேட்டதுதான் எனக்கு அவரிடம் ஆகப் பிடித்த காரியம்.

இசக்கி உடனே தலையாட்டவில்லை. "நீங்க வந்து இருந்தா ஊரு உங்ககூடப் பேசாது. எங்களுக்கு வேலயே இல்லாமப் போயிரும். கேட்டுச் சொல்லுகேன்" என்றாள். தன் ஆட்களிடம் கலந்து பேசிவிட்டு வந்து சொன்னாள். "வாங்க. ஆனா எங்களுக்கும் எல வேணும். நீங்க எலயில, நாங்க சட்டியில இருந்தா அது என்ன பந்தி?"

அண்ணாச்சி தன் தோட்டத்து வாழையிலிருந்து இலை அறுத்துத் தலையில் சுமந்துகொண்டு கல்யாணத்துக்கு வந்தார். வைக்கோற்போருக்குப் பின்னால் வரிசையாகப் போட்டார். அவர் இலையில் சோறு விழ வேண்டுமென்றால் பக்கத்து இலையிலும் விழ வேண்டும். சோறு விளம்ப வந்தவன் வேறு வழியில்லாமல் எல்லா இலையிலும் போட்டான். நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன், அன்றைய சாப்பாட்டைப் போல ஒரு சந்தோஷமான சாப்பாட்டை நான் சாப்பிட்டதில்லை. இசக்கி எரிசேரியைத் தின்றுவிட்டு, "இதுக்காடே இம்புட்டு நாளு மறச்சு வச்சிருந்தானுவ?" என்றாள்.

ஊர் இதைத் தாங்கவில்லை. எங்களுக்குக் கட்டுப்பாடு வைத்தது. யாரும் முடி வெட்டிவிடக்கூடாது, துணி வெளுத்துக்கொடுக்கக்கூடாது. அண்ணாச்சிக்கு வாத்தியார் சவரம் செய்துவிட்டார். முகவாயில் இரண்டு வெட்டு, காதில் ஒன்று. "சிலுவையில அறைஞ்சாலும் இவ்வளவு ரத்தம் வராதுவே" என்று அண்ணாச்சி அலறியது இன்னும் காதில் இருக்கிறது. அவருக்குப் பெண் கொடுக்க ஆளில்லாமல் போனது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் அவருடைய தங்கை செண்பகத்துக்கு வந்த சம்பந்தம் ஒவ்வொன்றும் அண்ணன் உட்காரும் இடத்தைக் கேட்டுத் திரும்பிப் போனபோது மனிதர் உள்ளுக்குள் நொறுங்கிப் போனார்.

கடைசியில் பத்மநாபபுரத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் கூடிவந்தது. அண்ணாச்சியின் வீட்டுக்குக் காரணவர், குடும்பத் தலைவர், அவருடைய தாய்மாமன், பெரிய பிள்ளை என்று ஊர் சொல்லும் மனிதர். சொத்து மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும் மருமக்கள் வழியில் அவர் சொல்தான் சட்டம். மாப்பிள்ளையின் தகப்பனார் அவரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்: ஊரான் வீட்டில் பெண்ணின் அண்ணன் எங்கே வேண்டுமானாலும் உண்ணட்டும், இந்தக் கல்யாணத்தில் பந்தி முறைப்படி நடக்க வேண்டும்.

பெரிய பிள்ளை மருமகனைக் கூப்பிட்டார். "செண்பகத்துக்க கழுத்துல தாலி ஏறணுமா, உனக்க கூத்து நடக்கணுமா? ஒண்ணு சொல்லு."

அண்ணாச்சி தோற்றுப்போனார். "மாமா சொல்லுகபடி" என்றார். எத்தனையோ வீட்டில் வளையாதவர் சொந்த வீட்டில் வளைந்தார். எனக்கு அது தாங்கவில்லை. "இவ்வளவுதானா உம்ம பந்தி?" என்று முகத்துக்கு நேரே கேட்டேன்.

அவரை நிமிர்த்தியது செண்பகம். அவள் கேட்டதை அவரே எனக்குச் சொன்னார், சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும். "அண்ணாச்சி, எனக்க கல்யாணத்துல நீ எங்கன இருந்து உண்ணப் போறே?" என்றாளாம்.

"மாமா சொன்ன எடத்துல."

"எத்தன சம்பந்தம் திரும்பிப் போச்சு! ஒவ்வொண்ணுக்கும் நான் அழுதிருக்கேன். இப்பம் நீ போய் முதல் பந்தியில இருந்தா, நான் அழுதது எதுக்கு? சும்மாவா? அந்தப் பந்திதான் என்னய இம்புட்டு நாளு வீட்டுல வச்சிருந்தது. அதக் கண்டுட்டுத்தான் நான் இந்த வீட்ட விட்டு எறங்குவேன்."

கல்யாணத்தன்று பந்தல் முற்றத்தில் தொடங்கி, வீட்டைச் சுற்றி, வைக்கோற்போர் வரை நீண்டது. முதல் பந்தி, கடைசிப் பந்தி எதுவும் இல்லை. ஒரே பந்தி. செண்பகம் பிடித்த பிடியில் வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்ட பெரிய பிள்ளை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாத்தியார் வாசலில் நின்று சந்தனம் கொடுத்தார். தாலி கட்டியாயிற்று. இலை போட்டாயிற்று. நாற்று நடுகிறவர்கள் வேலிக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரும் காலெடுத்து வைக்கவில்லை. நாளைக்கு யார் வயலில் வேலை கிடைக்கும் என்ற பயம். அந்தப் பயத்தை உண்டாக்கியவர்கள் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

இசக்கி முந்தானையை இழுத்துச் செருகினாள். வேலியைத் தாண்டி உள்ளே வந்து, பந்தலின் நடுவில் ஓர் இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை வீட்டார் இலையை விட்டு எழுந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் தோளில் கிடந்த நேரியலை உதறிப் போட்டார்.

"பெரிய பிள்ளை, இதென்ன கல்யாண வீடா, சந்தையா? பொண்ண நீரே வச்சுக்கிடும். நாங்க எறங்குகோம். இந்த வீட்டுச் சோறு எங்களுக்குத் தொண்டையில எறங்காது."

செண்பகம் மணவறையில் உட்கார்ந்தபடி அண்ணனைப் பார்த்தாள். பதில் வந்தது நாற்காலியிலிருந்து.

"என்ன சொன்னீரு?" பெரிய பிள்ளை எழுந்தார். "எங்க வீட்டுச் சோறு எறங்காதா? எங்க வயல் நெல்லு, எங்க உருளி. எங்க வீட்டுச் சோத்தக் குறை சொன்னவன் இந்த நாஞ்சில் நாட்டுல இதுவரைக்கும் கெடையாது. எங்க வீட்டுப் பந்தியில எவன் இருக்கணும், எவ இருக்கணும்னு சொல்ல நீரு ஆருவே?"

விறுவிறுவென்று நடந்து வந்தார். காலியாகக் கிடந்த இலை இசக்கிக்குப் பக்கத்தில் இருந்ததுதான். அதில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். இசக்கி பயந்து ஒதுங்கினாள். "ஏட்டி, ஒதுங்காத, எல சரியுது" என்றார் நேரே முன்னால் பார்த்தபடி. பிறகு கத்தினார். "பாத்துட்டு நிக்கியளாலே? விளம்புங்கலே!"

அவர் மனம் மாறி உட்காரவில்லை. நூற்றுக்கு நூறு வீம்பு. ஆனால் உட்கார்ந்துவிட்டார். பருப்பு வந்தது, நெய் வந்தது. அப்போது மாப்பிள்ளை, அதுவரை வாய் திறக்காத மனிதர், மாலையைக் கழற்றி வைத்துவிட்டுச் செண்பகத்தோடு வந்து நின்றார். "எங்களுக்கும் எல போடுங்க" என்றார். தகப்பனாரைப் பார்த்து, "அப்பா, எனக்குப் பசிக்கு" என்றார். அண்ணாச்சி சத்தமாகச் சிரித்துவிட்டார். பந்தல் முழுவதும் அதோடு சேர்ந்து சிரித்தது.

தகப்பனார் சில பேரோடு வெளியே போய் வில்வண்டியில் ஏறி உட்கார்ந்தார். மாடு பூட்டவில்லை. மகனை விட்டுப்போக மனமில்லை, இறங்கி வர மானமில்லை. அண்ணாச்சி ஒரு பாத்திரத்தில் அடைப்பிரதமனை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனார். "சம்பந்தி, இதுவும் நம்ம பந்திதான். கொஞ்சம் நீண்டு போச்சு." அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே வாங்கிக் குடித்தார். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தபடி, "கெட்டியாத்தான் இருக்கு" என்றார்.

இதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். இசக்கியின் ஆட்கள் சிலருக்கு அந்த நடவில் வேலை கிடைக்கவில்லை. அண்ணாச்சி தன் வயலில் கொடுத்தார், எல்லாருக்கும் போதவில்லை. இன்றும் பந்தியில் பக்கத்தில் இருக்கிறவளைக் கிணற்றில் வாளி போட விடமாட்டேன் என்கிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். அண்ணாச்சியிடம் ஒருமுறை, "பந்தியில இடம் கெடச்சவளுக்கு வயல்ல வரப்புல இருக்க உரிமை இல்லியே" என்றேன். "நீ சொல்லுகது சரிதான். நான் வயத்த வச்சுத் தொடங்கினேன். நீ வேற எதையாவது வச்சுத் தொடங்கு" என்றார். அவர் எனக்குச் சொன்ன பதில்களில் நான் எதிர்த்துப் பேச முடியாமல் போனது இது ஒன்றுதான். ஆனாலும் அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் ஊரில் ஒவ்வொரு வீடாக ஒரே பந்தி வந்தது. முதலில் உறவுக்காக, பிறகு போட்டிக்காக, பிறகு ஏனென்று கேட்காமலேயே.

அண்ணாச்சி இறந்த பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்குக்குப் போயிருந்தேன். அதே முற்றம், ஒரே பந்தி. செண்பகமும் மாப்பிள்ளையும் விளம்பினார்கள். பெரிய பிள்ளைக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, குரல் மட்டும் குறையவில்லை. வெளியூரிலிருந்து வந்த ஒரு தூரத்து உறவுக்காரர் பந்தியைப் பார்த்துத் திகைத்து நின்றார். பெரிய பிள்ளை அவரைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"இரியும் வே. எங்க குடும்பத்துல பண்டே இப்படித்தான். ஒரே பந்தி. எனக்க அம்மாவன் காலத்துல இருந்து உள்ள வழக்கமாக்கும்."

எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்து நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று கையை உதறினேன். அதற்குள் எதிர் வரிசையிலிருந்து இசக்கியின் குரல் வந்தது.

"பின்ன, பிள்ளைவாளே! எனக்க அம்ம வைக்கப்போருக்குப் பின்னால சட்டியோட நின்னது காத்து வாங்கத்தான!"

பந்தி முழுவதும் சிரித்தது. வாத்தியாருக்குப் புரையேறியது. பெரிய பிள்ளையும் சிரித்தார், இலையில் கண்ணீர் விழும்வரை.

இன்னும் சில ஆண்டுகளில் ஊரே இதைப் பழைய வழக்கம் என்று சொல்லும். கிண்டல் செய்தவர்களின் பிள்ளைகள் தங்கள் வீட்டில்தான் தொடங்கியது என்பார்கள். அண்ணாச்சி இருந்திருந்தால், "சொல்லிட்டுப் போட்டும், பந்தி நடக்குல்லா" என்றிருப்பார். எனக்கு அவ்வளவு தாராள மனசு கிடையாது. அவரிடமிருந்து நான் எனக்கென்று எடுத்து வைத்துக்கொள்வது ஒன்றே ஒன்று. இது வழக்கமாக இல்லாதிருந்த நாளில், ஊர் முழுக்கச் சிரித்தபோது, சாப்பாட்டில் உயிரையே வைத்திருந்த ஒரு பருத்த மனிதர் வெயில் சாயும் வரை பசியோடு உட்கார்ந்திருந்தார், எழுந்து போகவில்லை. இது பண்டு தொட்டு உள்ள வழக்கம் என்று எந்தக் கல்யாண வீட்டில் எவர் சொன்னாலும், இல்லை என்று எழுந்து நின்று சொல்வேன். சொல்லிவிட்டு, எந்த இலை காலியாக இருக்கிறதோ அதில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுவேன்.